ஊசி போட்ட தோளில் தீராத வலி: அமெரிக்காவில் ‘சிர்வா’ இழப்பீடு கேட்பது எப்படி?

நெடுஞ்சாலை:

ஃப்ளூ ஊசியோ டெட்டனஸ் ஊசியோ போட்ட பிறகு கையைத் தூக்க முடியாமல் போய், மாதக்கணக்கில் வலி நீடித்தால் அமெரிக்காவில் அரசு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. குழுக்களில் கேட்டால் ஒருவர் ‘வேர்ஸில் ரிப்போர்ட் பண்ணுங்க’ என்கிறார், இன்னொருவர் ‘பார்மசி மேல கேஸ் போடுங்க’ என்கிறார். மனுவை எங்கே போடுவது, யார் மேல், எத்தனை நாளுக்குள், என்னென்ன காகிதம் வேண்டும், எந்த இடத்தில் சறுக்குகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். விசாவில் இருப்பவர்களுக்கும் இங்கே வந்துபோகும் பெற்றோருக்கும் பொருந்துமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோப்புக்கட்டு:

அந்த இரண்டு பதில்களும் வேலைக்கு ஆகாது. வேர்ஸ் என்பது தடுப்பூசிப் பாதுகாப்பைக் கண்காணிக்க வைத்திருக்கும் பதிவேடு. அதில் எழுதுவது நல்ல காரியம்தான். ஆனால் அதனால் பணமும் வராது, மனுவுக்கான காலக்கெடுவும் நிற்காது. ஊசி போட்டவர் மேலோ தயாரித்த கம்பெனி மேலோ 1,000 டாலருக்கு மேல் கேட்டு நேராக வழக்குப் போவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதலில் நேஷனல் வாக்சின் இஞ்சுரி காம்பன்சேஷன் ப்ரோகிராம் வழியாகத்தான் வர வேண்டும். சுருக்கமாக வி.ஐ.சி.பி. என்பார்கள். 1988 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது.

மனு போகும் இடம் வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ். எதிர்மனுதாரர் மத்திய சுகாதாரத் துறைச் செயலர். அவர் தரப்பில் வாதாடுவது நீதித் துறை வக்கீல்கள். விசாரிப்பவர் ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும் கோர்ட்டின் விசாரணை அதிகாரி, ஜூரி கிடையாது. பணம் ஒரு டிரஸ்ட் ஃபண்டிலிருந்து வருகிறது. திட்டத்தில் சேர்ந்த ஊசிகளின் ஒவ்வொரு டோஸ் மேலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், மூன்று நோய் தடுக்கும் எம்.எம்.ஆருக்கு 2.25 டாலர். ‘ஊசி போட்ட அந்தப் பெண்ணுக்குப் பிரச்சினை ஆகிவிடுமே’ என்று மனு போடத் தயங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு பைசாவும் அவரிடமிருந்து போகாது. அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கவும் வேண்டாம்.

சிர்வா என்பது ஊசி போட்டதால் வந்த தோள் காயத்துக்கு வைத்த பெயர். எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்று அரசு வைத்திருக்கும் வாக்சின் இஞ்சுரி டேபிளில் 2017 மார்ச் 21 முதல் அது இருக்கிறது. 2021 ஜனவரியில் அதை நீக்கி ஒரு விதி வெளியானது, ஏப்ரலில் அந்த விதியையே ரத்து செய்துவிட்டார்கள். டேபிளில் இருப்பதன் பயன் என்னவென்றால், வரையறைக்குள் உங்கள் வழக்கு பொருந்திவிட்டால் ‘ஊசியால்தான் வந்தது’ என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டாம். சட்டமே அப்படி எடுத்துக்கொள்ளும்.

வரையறை நான்கு பங்கு. அந்தத் தோளில், இப்போதைய வலிக்குக் காரணமாகச் சொல்லக்கூடிய பழைய வலியோ வீக்கமோ இயக்கக் குறைவோ முன்பு இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் இயக்கக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். அதை விளக்கும் வேறு நோய், குறிப்பாகக் கழுத்து நரம்பு அழுத்தம் போன்ற நரம்புக் கோளாறு, இருக்கக் கூடாது. இவை தவிர எல்லா வழக்குக்கும் பொதுவான ஒரு நிபந்தனை: பாதிப்பு, ஊசி போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அல்லது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும்.

வலி 48 மணிக்குள் தொடங்கினால் போதும். கை தூக்க முடியாமல் போவது சில வாரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தசையும்மூட்டும்:

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். காகிதத்தில் எது பதிவாக வேண்டும் என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

டெல்டாய்ட் தசைக்கு அடியில் பர்சா என்று ஒரு மெல்லிய பை இருக்கிறது. அக்ரோமியன் என்கிற தோள்முனை எலும்பிலிருந்து கீழே இறங்கி, தசைக்கும் எலும்புக்கும் நடுவே உரசாமல் வழுக்க வைப்பது அதன் வேலை. ஊசியை அக்ரோமியனுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் தடித்த பகுதியில், செங்குத்தாகப் போட வேண்டும். தோள் நுனிக்கு நெருக்கமாக மேலே போட்டுவிட்டாலோ, ஒல்லியானவருக்கு நீள ஊசியைப் பயன்படுத்தினாலோ மருந்து தசையில் இறங்காமல் பர்சாவுக்குள்ளோ தசைநாரிலோ போய்விடும். 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு முக்கால் அங்குலத்துக்கும் குறைவான ஊசியே சில சமயம் போதும். மருந்தின் வேலையே உடலின் எதிர்ப்பைத் தூண்டுவதுதான். அந்தத் தூண்டல் பர்சாவுக்குள் நடந்தால் அழற்சி அடங்குவதில்லை. பர்சைட்டிஸ், சுழல்தசை நாண் வீக்கம், கடைசியில் தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் என்று போகும்.

ஊசி போட்டால் எல்லோருக்கும் கை வலிக்கும். அது தசையில், இரண்டு மூன்று நாளில் போய்விடும். சிர்வா வலி தோளின் ஆழத்தில் இருக்கும். அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலையும். முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய் உள்ளாடை ஹூக் மாட்டுவது, மேல் ஷெல்ஃபில் பாத்திரம் எடுப்பது, சீட் பெல்ட்டை இழுப்பது மூன்றும் நின்றுபோகும். டாக்டரிடம் ‘கை வலிக்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘தோள்’ என்று சொல்லுங்கள். இங்கே ‘ஆர்ம் பெயின்’ என்று பதிவானால் அதை முழங்கை வரைக்கும் எப்படியும் படிக்கலாம்.

கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். கோனியோமீட்டர் வைத்து முன்தூக்கல், பக்கத்தூக்கல், வெளிச்சுழற்சி, உட்சுழற்சி நான்கையும் டிகிரியில் குறிக்க வேண்டும். முன்தூக்கலும் பக்கத்தூக்கலும் இயல்பில் 180. வெளிச்சுழற்சி 90, உட்சுழற்சி 70 சுமார். ‘இயக்கம் குறைவு’ என்ற ஒற்றை வரியைவிட ‘பக்கத்தூக்கல் 85, வெளிச்சுழற்சி 30’ என்பது பல மடங்கு வலுவானது. எம்.ஆர்.ஐ. சீக்கிரம் எடுத்தால் பர்சாவில் திரவம், சில சமயம் கை எலும்பின் தலைப்பகுதியில் மஜ்ஜை நீர்கோப்பு தெரியும். தாமதமாக எடுத்தால் அந்தத் திரவம் வற்றியிருக்கும். வெறும் வயதுத் தேய்மானம் மட்டும் தெரியும்.

தேயிலைத்தோட்டம்:

முதல் இரண்டு மூன்று மாதம் ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று டைலெனால் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் போகும்போது நான்காவது மாதம் ஆகிவிடுகிறது. அப்புறம் 48 மணி நேரத்தை எப்படிக் காட்டுவது? வழக்கே இல்லையா?

கோப்புக்கட்டு:

வழக்கு உண்டு. ஆனால் கடினமாகும். காயம் இருந்தும் ஆரம்ப நாட்களின் காகிதம் சரியாக இல்லாமல் தோற்கும் மனுக்கள்தான் மனதை வருத்துகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மனுதாரர் சொல்லை மட்டும் வைத்து, மருத்துவப் பதிவோ மருத்துவர் கருத்தோ இல்லாமல், ஸ்பெஷல் மாஸ்டர் இழப்பீடு தர முடியாது. சட்டம் அப்படி. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, வலி தொடங்கிய நாள் பதிவாகாமல் விட்டுப்போனாலும் தவறாகப் பதிவாகியிருந்தாலும், மற்ற சான்றுகளை எடைபோட்டு அது 48 மணிக்குள்தான் என்று முடிவு செய்ய அவருக்கு அதிகாரம் தருகிறது. 1993-ஆம் ஆண்டு குகுராஸ் தீர்ப்பு, அந்தந்தச் சமயத்தில் எழுதிய மருத்துவப் பதிவை நம்பத்தக்கது என்றது. 2021-இல் கர்பி தீர்ப்பு, பதிவில் ஒன்று எழுதப்படவில்லை என்பதாலேயே அது இல்லவே இல்லை என்று அனுமானிக்கக் கூடாது என்றது. இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு தாமத வழக்கும் நிற்கிறது.

எனவே நான்காவது மாதம் முதல்முறை டாக்டரிடம் போகிறவர் தேதியோடு சொல்ல வேண்டும்: ‘அக்டோபர் 4-ஆம் தேதி இடது கையில் ஃப்ளூ ஊசி. அன்று இரவே இடது தோளில் வலி. அன்றிலிருந்து குறையவில்லை.’ இந்த மூன்று வாக்கியம் அப்படியே குறிப்பில் ஏறினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘கொஞ்ச நாளா வலி’ என்றால் டாக்டர் ‘இரண்டு மாதமாக’ என்று எழுதிவைப்பார். அந்த ஒரு வரியை அரசுத் தரப்பு கடைசிவரை விடாது.

பிசியோ கிளினிக்கில் முதல் நாள் தரும் படிவம் இதைவிட ஆபத்து. அதில் ‘ஆன்செட் டேட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் டாக்டர் பரிந்துரை எழுதிய தேதியை அதில் போட்டுவிடுவார்கள். கீழே ‘எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு ‘படிப்படியாக’ என்ற கட்டத்தில் டிக் விழும். நீங்கள் டாக்டரிடம் சரியாகச் சொல்லியிருந்தாலும், இப்போது இரண்டு தேதி, இரண்டு காரணம். அந்தக் கட்டத்தில் ஊசி போட்ட தேதியை எழுதுங்கள், காரணத்தில் ‘தடுப்பூசி’ என்று எழுதுங்கள். வரவேற்பில் இருப்பவர் தானே நிரப்பினால் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

இடையில் வேறு எதற்காவது டாக்டரிடம் போயிருந்தால், சளியோ தோல் அரிப்போ எதுவாக இருந்தாலும், அங்கே தோளைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று கேட்பார்கள். தோல் மருத்துவரிடம் தோளைச் சொல்லாதது இயல்பு, அதை விளக்கலாம். ஆனால் குடும்ப மருத்துவரிடம் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போய், ‘மூட்டு வலி இல்லை’ என்று கேள்வித்தாளில் டிக் போட்டிருந்தால் விளக்குவது சிரமம்.

தவறு தெரிந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். பதிவைத் திருத்தக் கோரும் உரிமை, மருத்துவத் தகவல் பாதுகாப்புக்கான ஹிப்பா விதிகளிலேயே இருக்கிறது. வக்கீலைப் பார்த்த பிறகு பழைய குறிப்புகளை மாற்றச் சொல்லித் திரிவது வேறு வாசனை அடிக்கும், அதைச் செய்யவே கூடாது.

வெண்பலகை:

மருத்துவப் பதிவுக்கு வெளியே கிடைக்கும் சான்றும் சேரும். ஊசி போட்ட மறுநாள் கணவருக்கு அனுப்பிய ‘கை தூக்கவே முடியல, நீங்களே பையனைத் தூக்கிட்டு வாங்க’ என்ற வாட்ஸப் செய்தி, பேஷன்ட் போர்ட்டலில் நர்ஸுக்கு எழுதியது, ஜிம் சந்தாவை நிறுத்திய மின்னஞ்சல், எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை.

பேண்ட்-எய்ட் ஒட்டிய நிலையில் தோளைப் படம் எடுத்து வைத்தால் இரண்டு சண்டை தீரும். எந்தக் கை என்பதும் எவ்வளவு மேலே போட்டார்கள் என்பதும். பார்மசிக் காகிதத்தில் இந்தக் ‘எந்தக் கை’ அடிக்கடி தப்பாகிறது. கம்ப்யூட்டரில் ‘இடது’ என்பது முன்னமே நிரம்பியிருக்கும், வலது கையில் போட்டுவிட்டு யாரும் மாற்றுவதில்லை. ஊசி போட்ட உடனேயே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, தேதி, கம்பெனி, லாட் எண், எந்தக் கை என்பதைச் சரிபாருங்கள். முதல் மூன்றையும் போட்டவர் பெயர், பதவி, முகவரியையும் பதிந்துவைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குடும்பத்தினர், உடன் வேலை செய்பவர்கள் எழுதும் வாக்குமூலத்துக்கு நோட்டரி வேண்டாம். ‘பொய் சொன்னால் தண்டனைக்கு உட்பட்டு’ என்ற உறுதிமொழி வரி, தேதி, கையெழுத்து இருந்தால் மத்தியச் சட்டப்படி செல்லும். ஆனால் ‘ரொம்பக் கஷ்டப்பட்டார்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. என்ன பார்த்தார், எப்போது பார்த்தார், எப்படித் தேதி நினைவிருக்கிறது என்று எழுத வேண்டும்.

தேயிலைத்தோட்டம்:

இன்னொன்று. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் தானாகவே வரும் என்பார்களே. நம்மவர்களில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது! அவர்கள் மனு போட்டுப் பயன் உண்டா?

தசையும்மூட்டும்:

உண்டு மேடம். சர்க்கரை, ஃப்ரோசன் ஷோல்டருக்கு ஓர் ஆபத்துக் காரணி என்பது மருத்துவ உண்மை, அரசுத் தரப்பு அதை நிச்சயம் எடுக்கும். ஆனால் சர்க்கரையால் வரும் இறுக்கம் மெல்ல மெல்ல ஏறும், தொடங்கிய நாளைச் சொல்ல முடியாது. ஊசி போட்ட அன்றிரவு சட்டென்று தொடங்கியது என்று முதல் வாரத்திலேயே பதிவு இருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். இன்னொரு சிக்கல், தோள் வலிக்குச் சிகிச்சையாகப் போடும் ஸ்டீராய்டு ஊசி. அது சர்க்கரையை ஏற்றும் என்று பலர் மறுத்துவிடுவார்கள். மறுத்த காரணத்தை டாக்டர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘வலி அவ்வளவு இல்லை, அதனால்தான் சிகிச்சையை வேண்டாம் என்றார்’ என்று படிப்பார்கள்.

விரல் வரை மரத்துப்போவது, கழுத்திலிருந்து மின்சாரம் இறங்குவது மாதிரி இருப்பது உண்மையாக இருந்தால் மறைக்கக் கூடாது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதால் வரும் தசை வலியை நரம்பு வலி போல விவரித்துவிட்டு, ‘கழுத்து நரம்பு அழுத்தம் இருக்கலாம்’ என்று ஒரு வரியைச் சம்பாதித்துக்கொள்ளாதீர்கள்.

நெடுஞ்சாலை:

எல்லா ஊசிக்கும் உண்டா? இப்போது பார்மசியில் ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் போட்டுவிடுகிறார்களே.

கோப்புக்கட்டு:

எல்லாவற்றுக்கும் இல்லை. பெரியவர்களுக்குப் போடுவதில் சீசன் ஃப்ளூ, டெட்டனஸ், டிடாப், ஹெப்படைட்டிஸ் ஏ, பி, எச்.பி.வி., மெனிங்கோகாக்கல் எல்லாம் உள்ளே. நிமோனியா ஊசியில் கவனம் தேவை. ப்ரெவ்னார் வகை உள்ளே, நிமோவாக்ஸ் 23 வெளியே. ஷிங்கிள்ஸ் ஊசியான ஷிங்ரிக்ஸ் வெளியே. வெளியே இருப்பதற்கு மாநில நீதிமன்றத்தில் சாதாரணக் கவனக்குறைவு வழக்குதான் வழி. பல மாநிலங்களில் அதற்குக் கெடு 2 ஆண்டு. அங்கே ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

தோலுக்கடியில் போடும் ஊசிக்குச் சிர்வா வரையறை பொருந்தாது, தசைக்குள் போட வேண்டிய ஊசியாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போய் ஒரே நாளில் மூன்று நான்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குடியேற்றத் துறைக்குப் போகும் ஐ-693 படிவத்தில் எந்தக் கை என்ற விவரம் இருக்காது. எந்த ஊசி எந்தக் கையில் என்று கிளினிக்கின் சொந்தப் பதிவை அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

கோவிட் ஊசி வி.ஐ.சி.பி.யில் இல்லை. சி.ஐ.சி.பி. என்று தனித் திட்டம். அதற்கு நீதிமன்றம் கிடையாது, ஊசி போட்ட நாளிலிருந்து 1 வருடத்துக்குள் கேட்க வேண்டும், வலி வேதனைக்குப் பணமில்லை, வக்கீல் செலவும் தரமாட்டார்கள். இன்சூரன்ஸ் கட்டாத மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும் மட்டும். ஃப்ளூவும் கோவிடும் ஒரே தோளில் இறங்கியிருந்தால், எந்த ஊசி காயப்படுத்தியது என்பதே முதல் சண்டையாகிவிடும். ஒரே நாளில் போட்டுக்கொள்வதில் தவறில்லை. கைக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், எது எந்தக் கை என்று எழுதி வாங்குங்கள்.

மறுபக்கம்:

இவ்வளவுக்கு வக்கீல் எதற்கு? மனுவை நாமே போடலாம் என்று கோர்ட் இணையதளத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணமும் நம்மிடம் இருக்கும்.

கோப்புக்கட்டு:

நாமே போடலாம் என்பது சரி. மூன்றில் ஒரு பங்கு என்பது தவறு. இந்தத் திட்டத்தில் வக்கீல் உங்கள் இழப்பீட்டிலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது. சட்டத்தில் தடை இருக்கிறது. அவருடைய கட்டணத்தை ஸ்பெஷல் மாஸ்டர் தனியாக நிர்ணயித்து அதே ஃபண்டிலிருந்து தருவார். தோற்றாலும், மனு நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போடப்பட்டிருந்தால் கட்டணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. சதவீதம் கேட்டு ஒப்பந்தம் நீட்டுகிறவருக்கு இந்தத் துறை தெரியாது, எழுந்து வந்துவிடுங்கள். கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸில் பதிவு பெற்ற வக்கீல்தான் ஆஜராக முடியும். அவர் உங்கள் மாநிலத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாக்சின் வழக்கு எடுக்கும் வக்கீல்களின் பட்டியலைக் கோர்ட்டே வெளியிடுகிறது.

தாமாகப் போடுகிறவர் மனுக் கட்டணம் 405 டாலர் கட்ட வேண்டும். காகித மனு, கிளார்க் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. தபாலில் போட்ட நாள் அல்ல. சுகாதாரத் துறைக்கு ஒரு நகலும் அனுப்ப வேண்டும்.

வெண்பலகை:

கெடு பற்றி யாரும் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 36 மாதம். ‘ஊசிதான் காரணம் என்று டாக்டர் சொன்னதே இரண்டு வருடம் கழித்துத்தான்’ என்பது எடுபடாது. 2011-இல் க்ளோயர் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். 2024 அக்டோபர் 4 இரவு வலி வந்தவருக்கு 2027 அக்டோபர் 4 கடைசி. 6 மாதம் முடிவதற்கு முன் போட்டால் நீடித்த பாதிப்பைக் காட்ட முடியாது, 36 மாதம் தாண்டினால் கதவே மூடிவிடும். நடுவில் இருக்கும் 30 மாதத்தில் முதல் பாதிக்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். மருத்துவப் பதிவு சேர்ப்பதற்கே பல மாதம் ஓடிவிடும். கெடு தலைக்கு மேல் வந்துவிட்டால் மனுவை முதலில் போட்டு, எந்தப் பதிவு ஏன் இல்லை என்று எழுதிக்கொடுத்து, பிறகு சேர்க்கலாம்.

என்னென்ன பதிவு என்றால்: ஊசிச் சீட்டு, ஊசிக்கு முந்தைய 3 ஆண்டுகளின் எல்லா மருத்துவப் பதிவும், பிந்தைய எல்லாமும். தோள் சம்பந்தப்பட்டது மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். முன்பு தோள் நன்றாக இருந்தது என்பதைக் காட்டுவதே அந்த மூன்று வருடம்தான். பிசியோவில் சுருக்க அறிக்கை மட்டும் தருவார்கள், ஒவ்வொரு நாளின் குறிப்பையும் கேளுங்கள். கோணமும், வலி பத்துக்கு எத்தனை என்று சொல்லும் வலி எண்ணும் அங்கேதான் இருக்கும்.

ஆறு மாத நிபந்தனையில் விழுகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள்: நான்காவது மாதம் பிசியோ முடிகிறது. கடைசிக் குறிப்பில் ‘இலக்குகள் எட்டப்பட்டன, வீட்டுப் பயிற்சி’ என்று எழுதுவார்கள். வலி இன்னும் இருக்கும், ஆனால் கோபே என்று ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கட்டப் பணமோ நேரமோ இல்லாமல் போவதை நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் தாண்டியதற்கு ஒரு காகிதமும் இருக்காது. வலி இருந்தால் ஏழாவது மாதத்தில் ஒருமுறையாவது டாக்டரைப் பாருங்கள். வலி உண்மையாக இருக்கும்போது டாக்டரிடம் போவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

நெடுஞ்சாலை:

மனு போட்ட பிறகு என்ன நடக்கும்? எவ்வளவு கிடைக்கும்?

கோப்புக்கட்டு:

சிர்வா மனுக்கள் பெரும்பாலும் சீக்கிரம் தீரக்கூடிய வழக்குகளுக்காக 2014-இல் தொடங்கிய ஸ்பெஷல் ப்ராசஸிங் யூனிட்டுக்குப் போகும். முதலில் காகிதம் எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சுகாதாரத் துறை மருத்துவர்கள் படிக்க வரிசையில் காத்திருக்கும். அதன்பின் அரசுத் தரப்பு தன் நிலையைச் சொல்லும் ரூல் 4(சி) அறிக்கையைத் தரும். ஒப்புக்கொண்டால் தொகை பற்றிய பேச்சு மட்டும்தான். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பல வழக்குகள் சமரசத் தொகையில் முடியும். மீதியை ஸ்பெஷல் மாஸ்டர் பதிவுகளை வைத்தே தீர்ப்பார், நேரில் போக வேண்டிய தேவை அரிது. இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். யாருக்கும் அது எளிதில் வராது. அறுவை சிகிச்சை இல்லாத சிர்வா வழக்குகள் பெரும்பாலும் ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் முடிகின்றன. லேசானவை அதற்கும் கீழே. அறுவை நடந்தவை பல ஒரு லட்சம் தாண்டுகின்றன. பார்ப்பது வலியின் கடுமை, எவ்வளவு நாள் நீடித்தது, பாதிக்கப்பட்டவர் அதை உணர்ந்து அனுபவித்தாரா என்பது. எத்தனை ஸ்டீராய்டு ஊசி, எத்தனை பிசியோ அமர்வு, வலி எண் 8-லிருந்து எப்போது 3 ஆனது, நடுவே எத்தனை மாத இடைவெளி என்று எண்ணிப் பார்த்து, முந்தைய தீர்ப்புகளோடு ஒப்பிடுவார்கள்.

கையிலிருந்து கட்டிய மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி. இன்சூரன்ஸ் கட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. கோபே ரசீது, இன்சூரன்ஸ் அனுப்பும் இ.ஓ.பி. கணக்குத் தாள்கள், டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம், விடுப்புக் கணக்கு, முதலாளி கடிதம் சேர்த்து வையுங்கள். மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர் என்றால் மாநிலம் செலவழித்ததைத் திருப்பிக் கேட்கும், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தீர்ப்பு உங்கள் பெயரோடும் மருத்துவ விவரத்தோடும் கோர்ட் இணையதளத்தில் வரும். வெளியிடக் கூடாத விவரத்தை மறைக்கக் கேட்க 14 நாள்தான் உண்டு. தீர்ப்பாணை வந்தபின், ஏற்கிறேனா நிராகரிக்கிறேனா என்று 90 நாளுக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். நிராகரித்தால்தான் சாதாரண நீதிமன்றத்துக்குப் போக முடியும். இங்கே வழக்கு நடந்த காலம் மாநிலக் கெடுவில் சேராது.

தேயிலைத்தோட்டம்:

எச்-1பி, எஃப்-1, விசிட்டர் விசா? ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இங்கே ஃப்ளூ ஊசி போட்டு, வலியோடு ஊர் திரும்பிவிட்டார் என்றால்?

கோப்புக்கட்டு:

சட்டம் கேட்பது ஊசி எங்கே போடப்பட்டது என்பதைத்தான். அமெரிக்காவில் போடப்பட்டிருந்தால் குடியுரிமை நிபந்தனை இல்லை. இது உங்களுக்கு ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீடு, அரசு உதவித்தொகை அல்ல. இந்தியாவில் போட்டுக்கொண்ட ஊசி பெரும்பாலும் தேறாது. அமெரிக்காவில் உள்ள தயாரிப்பாளரின் ஊசியாக இருந்து, போட்டுக்கொண்டவர் 6 மாதத்துக்குள் அமெரிக்கா திரும்பியிருந்தால்தான் சாதாரண ஆட்களுக்கு வழி.

ஊர் திரும்பிய அம்மாவும் மனு போடலாம். முழுச் சிக்கலும் பதிவில்தான். இங்கே கிளம்புவதற்கு முன் அர்ஜன்ட் கேர் ஒன்றிலாவது காட்டி, ஊசித் தேதியும் வலி தொடங்கிய நேரமும் குறிப்பில் ஏறிவிட வேண்டும்.

தசையும்மூட்டும்:

அங்கே என்ன வாங்க வேண்டும் என்பதை நான் சேர்க்கிறேன். ஊரில் எலும்பு டாக்டர் சீட்டில் மருந்து மட்டும் எழுதிக் கொடுப்பார், கதை எழுதமாட்டார். ‘எந்தத் தேதியில் எந்தக் கையில் ஊசி, எப்போது வலி, இன்று எத்தனை டிகிரி’ என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்து, பதிவு எண்ணோடு தரச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிலிமோடு நிற்காமல் அறிக்கையையும் டிஸ்கையும் வாங்குங்கள். பிசியோ சென்டரில் வெறும் பண ரசீதுதான் கிடைக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நோட்டில் தேதி, நான்கு கோணம், வலி எண், பிசியோதெரபிஸ்ட் கையெழுத்து என்று வரிசையாக வாங்கி வாருங்கள். ஆறாவது மாதம் முடிந்த பிறகும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, அதே மாதிரி இன்னொரு கடிதம் வாங்கிவிடுங்கள்.